மோனோ பொத்தான்

சனிக்கிழமை பழைய சாமான் வாங்குகிற ஆள் வருவார், பெட்டியை எடுத்துக்கொண்டு போவார் என்று மகன் அவளிடம் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான்.

பெட்டி என்பது கூடத்துச் சுவரோரம் இருந்த ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், இடுப்பு உயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிய காலத்தில் அவள் ஒவ்வொன்றாக வாங்கியவை. இருபத்தெட்டு வருடம் மெஷினுக்கு இடப்பக்கத்தைக் காட்டியே நின்றதில் இடது காது போய்விட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, முழுக்க. வலது காது தப்பித்தது. ஓய்வு பெற்றபின் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்த ஒரு காதால் பாட்டுக் கேட்பாள். மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கும்வரை அதில் யாரும் குறுக்கிட்டதில்லை.

"மீட்டிங்ல பின்னாடி பாட்டு கேக்குதும்மா. கல்யாண வீட்டுல உக்காந்திருக்கியான்னு மேனேஜர் கேக்கறார்."

"பாட்டு பிடிச்சிருந்துதாமா அவருக்கு?"

"அம்மா."

"கதவைச் சாத்திக்கோ."

"சாத்திட்டுத்தான் பேசறேன். குட்டியா ஒரு இயர்போன் வாங்கித் தரேன், போன்லயே கேளு. ஒரு காதுக்கு எதுக்கு இவ்வளவு சாமான்?"

அது சுருக்கென்றது. அவள் முகத்தில் காட்டவில்லை.

"உனக்குச் சத்தம்தானே பிரச்சினை? இந்தப் பெட்டியில இருந்து சத்தம் வெளிய வராம நான் கேட்டுட்டா, பெட்டி இங்கயே இருக்கும். சனிக்கிழமைக்குள்ள. சரியா?"

"சரின்னு சொல்லிடுங்க. அத்தை பேச்சு மாற மாட்டாங்க" என்றாள் மருமகள், சமையலறையிலிருந்து. அவள் யார் கட்சி என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

மகன் சரி என்றான். நடக்கப் போவதில்லை என்ற தைரியம்.

அவள் ஆடியோ சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரரை அந்தத் தெருவில் மீட்டர் என்பார்கள். காதை நம்பாதவர். எந்தச் சாமானையும் மீட்டரில் மாட்டி, முள் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். காதை முழுக்க மூடுகிற கனமான ஹெட்போன் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது வெளிய மூச்சுகூட விடாதும்மா. ஆனா தனியா ஒரு ஹெட்போன் ஆம்ப் வேணும். இல்லேன்னா சவலையா பாடும்."

"வீட்டுல ஆம்ப்ளிஃபயர் இருக்கு, தம்பி."

"அதோட முன்னாடி இருக்கற ஹெட்போன் ஓட்டைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது."

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. விற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த ஓட்டையிலேயே செருகினாள். நூறு முறை கேட்ட பாட்டு. பாடகி முதல் வரியைப் பாடி நிறுத்தினாள். அந்த இடத்தில் வயலின் வந்து வரியை வாங்கிக்கொள்ள வேண்டும். வரவில்லை. பாடகி வெற்றிடத்தில் காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். கேட்டுக்கொண்டிருந்தவள் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். வலது காது வலித்தது. வயலின் வரவில்லை.

மகன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?"

"ஒரு பக்கம் வேலை செய்யல."

"ஹெட்போன்லயா?" கேட்ட பிறகு அவனுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தான். "திருப்பிக் குடுத்துடும்மா. இருக்கற காதையும் கெடுத்துக்காத. நான் எது சொன்னாலும் ஒரு காதுல வாங்கி –"

"இன்னொரு காதுல விட எனக்கு ஏதுடா வழி? நீ சொன்னதெல்லாம் உள்ளயேதான் கிடக்கு."

வியாழக்கிழமை மீட்டர் ஹெட்போனைத் தன் கருவியில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார். இடது, வலது, மறுபடி இடது. பிறகு அவளைப் பார்க்காமல் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. குறை இதுல இல்ல."

"என்கிட்டதான் இருக்கு, இடது காது கேக்காது. கூச்சப்படாம சொல்லுங்க. ஸ்பீக்கர்ல வர்ற வயலின் இதுல எங்க போச்சு?"

அவர் சொன்னார். கூடத்தில் இடது ஸ்பீக்கரின் சத்தமும் காற்றில் கலந்து வலது காதுக்கு வந்துவிடும். ஹெட்போனில் கலக்கக் காற்று இல்லை. இடது பக்கம் இடது காதோடு சரி. அவளுக்கு அது கிணற்றில் போட்ட கல்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நான் இதைக் குடுத்திருக்க மாட்டேன். பரவாயில்ல, திருப்பி எடுத்துக்கறேன்."

"வேண்டாம். ரெண்டு பக்கத்தையும் கலந்து ஒரே காதுக்கு அனுப்பற சாமான் இருக்கா?"

மீட்டர் எழுந்துபோய் மேல் தட்டிலிருந்து கறுப்பாக ஒரு ஹெட்போன் ஆம்ப்பை இறக்கினார். பெரிய குமிழ் ஒன்று. அதன் பக்கத்தில் மோனோ என்று எழுதிய சின்னப் பொத்தான்.

"ரெக்கார்டிங் பண்றவங்க சரிபார்க்க அழுத்துவாங்க. ரெண்டு நிமிஷம். பாட்டுக் கேக்க யாரும் தொட மாட்டாங்க. அழுத்தினா எல்லாம் ஒரே இடத்துல குமிஞ்சிடும். ஸ்டீரியோ செத்துடும்மா. இவ்வளவு நல்ல ஹெட்போன் வாங்கிட்டு அப்படிக் கேக்கறது அநியாயம்."

"தம்பி, நான் நாலு கலர் மெஷின் ஓட்டினவ. நாலு தகடு, நாலு மை. நாலையும் ஒரே தாள்ல, ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சாத்தான் முகம் முகமா வரும். தனித்தனியா அடிச்சா மஞ்சளா ஒரு பேய், நீலமா ஒரு பேய். எனக்கு ஒரு தாள்தான் இருக்கு. அதுல எல்லாத்தையும் ஏத்துங்க."

மீட்டர் பொத்தானை அழுத்தி, முள்ளைப் பார்க்காமல், ஹெட்போனை அவளிடம் நீட்டினார். அவள் கேட்டாள். பெட்டியில் போட்டுக் கட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருந்தான். அவள் கூடத்தில், தன் நாற்காலியில். பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் அணைந்து கிடந்தன. சிடி பிளேயரிலிருந்து வயர் புதிய கறுப்புப் பெட்டிக்குப் போனது. குமிழைப் பாதிகூடத் திருப்பவில்லை. பாடகி வரியை நிறுத்தினாள். வயலின் வாங்கிக்கொண்டது. நெருக்கமாக, வில் கம்பியை உரசுகிற பிசிறோடு.

கூடவே தானும் பாடத் தொடங்கியது அவளுக்கே தெரியாது. மூன்றாவது பாட்டில் கதவு திறந்தது. மகன் வாயில் விரலை வைத்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே மருமகள், கரண்டியோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் மரியாதையாக ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். இடது பக்கத்தை.

மகன் பேசினான். கையை ஆட்டிப் பேசினான். அறையைக் காட்டினான். அவள் அவன் உதடுகள் ஓயும்வரை பொறுத்தாள்.

"பெட்டியில இருந்து சத்தம் வருதா?"

அவன் நின்றான். இல்லை என்று தலையசைத்தான்.

"நான் பாடறதைப் பத்தி நாம பேசவே இல்ல. சனிக்கிழமை ஆளுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு."

தூக்கிய பக்கத்தை மறுபடி காதில் இறக்கினாள். சரணம் தொடங்கியிருந்தது. விட்ட இடத்தைப் பிடித்து, முன்பைவிட உரக்கப் பாடினாள்.