சவரிமுத்து வாங்கிய பன்னிரண்டு அடி

…மறுத்தான் என்றா, மறுத்தார் என்றா, இங்கிலீஷில் அந்தத் தொல்லையே இல்லை, எழுதிய வெள்ளைக்காரன் மறுத்தான் என்றுதான் மனதுக்குள் சொல்லியிருப்பான், ஆனால் நான் மறுத்தார் என்றுதான் படிப்பேன், யார் என்னைக் கேட்பது… அருள்செல்வி ஆவடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, பைக்குள் அந்த ஒற்றைத் தாள். ராணுவப் பதிவு ஆபீசுக்கு இரண்டு வருஷமாக எழுதி எழுதி, 1988 பிறந்து பதினைந்து நாள் கழித்து வந்த பதில். சவரிமுத்து, டோலி தூக்குபவர், மெசபடோமியா, 1917. அப்பாவின் அப்பா. குண்டடிபட்ட சிப்பாய்களைத் தோளில் சுமந்து வந்தவர். கீழே ஒரு வரி, கட்டளைக்குப் பணிய மறுத்தார் என்று, அதன் பக்கத்தில் ஏதோ சுருக்கக் குறி. அது புரியாமல்தான் இன்று ஸ்க்ரூ கம்பெனியில் அரை நாள் லீவு போட்டாள், ஆவடியில் ராணுவ கிளார்க்காக இருந்து ரிட்டையரான சுலைமான் பாயைத் தேடிப் போனாள். அவர் தாளை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து அவள் கையில் திணித்தார். “பன்னெண்டு சாட்டையடிம்மா. அப்போல்லாம் கட்டி வெச்சு அடிப்பானுங்க. இத்த யாருக்கும் காட்டாதே, பொட்டில வெச்சுடு.” ஏன் வைக்க வேண்டும்? அடித்தவனே கூசாமல் எழுதி எழுபது வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறான், அடி வாங்கியவரின் பேத்தி ஏன் ஒளிக்க வேண்டும்?

தாத்தா ஒளித்தார்… கிணற்றடியில் குளிக்கும்போதுகூட பனியனைக் கழற்றமாட்டாராம், முதுகு தேய்த்துவிடப் போன அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டாராம், அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. அதை அப்பா ஒரே ஒரு முறைதான் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாவதற்கு நாலு நாள் முன்னால், “அவருக்கு எம்மேல ஆசையே இல்லம்மா” என்று. அறுபது வயதிலும் அந்தத் தள்ளல் அவர் நெஞ்சில் வலித்தது. அது உங்களைத் தள்ளியதில்லை அப்பா, முதுகை மறைத்தது, இந்தத் தாள் ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டியிருப்பேனே… கண்டக்டர் ஓ.டி., ஓ.டி. என்று ஸ்டாப் பேரைக் கத்தினார், அவள் இடித்துக்கொண்டு இறங்கினாள், மேனாம்பேட்டுக்கு நடந்தாள், வேகமாக, ஆறு மணிக்கு மாதா கோயில் கமிட்டி. நூற்றாண்டு விழாவுக்குக் கோயில் வாசலில் கருங்கல் பலகை வைக்கிறார்கள், முதல் உலகப் போருக்குப் போன பங்கு மக்கள், ஒன்பது பெயர், ஒன்பதும் சிப்பாய். பத்தாவதாகத் தாத்தாவைச் சேர்க்கக் கேட்டதற்குச் செயலாளர் பிரகாசம் போன மாதமே சொல்லிவிட்டார், “உங்க தாத்தா துப்பாக்கி புடிக்கலயே அருளு, கூலியாத்தானே போனாரு.” கூலி. குண்டு வருகிற பக்கம் வெறுங்கையோடு போனவர் கூலி, திருப்பிச் சுடத் துப்பாக்கி இருந்தவன் வீரனா? அன்று இது வாயில் வரவில்லை, வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் வந்தது, எப்போதும் அப்படித்தான், இன்று அப்படி ஆகக்கூடாது, இன்று அங்கேயே…

கோயில் பின்னறையில் மேஜையைச் சுற்றி ஐந்து பேர், பிரகாசம் தாளைப் படித்தார், சுருக்கக் குறிக்கு அவள் அர்த்தம் சொன்னாள், அவர் முகம் மாறியது, பக்கத்தில் இருந்தவரிடம் தராமல் மடித்தார். “சரி, பேர சேத்துடறேன், டோலி தூக்கினவர்னு போட்டுக்கலாம். இந்த அடி சமாச்சாரம் வாணாம்மா, கோயில் வாசலு.” இவ்வளவுதான் கேட்டு வந்தது, கிடைத்துவிட்டது, வாங்கிக்கொண்டு போயேன் என்றது உள்ளே ஒரு குரல், அது தன் குரல்தானா, அப்பாவின் குரலா… “அதுவும் வேணும்ணே. பணிய மறுத்தார், பன்னெண்டு சாட்டையடி பட்டார். அது இல்லாட்டி பேரும் வாணாம்.” “படிக்கறவங்க இன்னா நெனப்பாங்க?” “சாட்டையடி வாங்கினவரத்தானேண்ணே உள்ள வெச்சுக் கும்புடறோம்?” ஐயோ, சொல்லிவிட்டேனா, பாத்திரம் தேய்க்கும்போது இல்லை, இங்கேயே சொல்லிவிட்டேன். மூலையில் இருந்த கிழவர் கிறிஸ்துதாஸ் பலகையில் பேருள்ள ஒரு சிப்பாயின் மகன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, “எழுதுய்யா பிரகாசம்” என்றார். பிரகாசம் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், பத்தாவதாகச் சவரிமுத்து என்று எழுதினார், பணிய மறுத்தார் என்று எழுதினார், அங்கே நிறுத்தினார். “இன்னா ஆர்டர மறுத்தாரும்மா?” கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். தாளில் அது இல்லை. இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை, தெரிந்ததாகவே நினைத்திருந்தாள்… அடிபட்டவனைப் போட்டுவிட்டு வா என்றிருப்பான், மாட்டேன் என்றிருப்பார், வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் போ, இன்னொருவனைத் தூக்கி வா என்றிருந்தால்? இனி போகமாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று இருபத்திரண்டு வயதுப் பையன் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தால்? அப்படியானால் அங்கே ஒருவன் டோலி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே கிடந்திருப்பான், அவனுக்கும் எங்காவது ஒரு பேத்தி… “தெரியாதுண்ணே” என்றாள், “எழுதுங்க, பன்னெண்டு அடின்னு முழுசா எழுதுங்க” என்றாள், பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இவருக்காகத்தான் கேட்டேனா, நானே மனதுக்குள் உருவாக்கிக்கொண்ட ஒருவருக்காகவா…