புல்லுக்கு ஆறு மாசக் கெடு

புல்லு வளர்த்தது ஒரு குத்தமா? நான் கேக்கிறேன். எங்க அண்ணன் பேசின பேச்சைக் கேட்டிருந்தா, வாசல்ல நான் என்னமோ கஞ்சா பயிர் பண்ணிட்டேன்னு நினைச்சிருப்பீங்க.

முதல்ல இருந்து சொல்றேன். வீடு எங்க அப்பா கட்டினது. மாடியில அண்ணனும் அண்ணியும், கீழ நானும் எங்க வீட்டுக்காரரும். வாசலுக்கு முன்னாடி இருபது அடிக்கு பதினஞ்சு அடி மண்ணு. அது ரெண்டு வீட்டுக்கும் பொது. பொதுன்னா என்ன அர்த்தம்? எங்க அண்ணன் அகராதியில, அவர் முடிவு பண்ணுவார், நாம தலையாட்டணும்னு அர்த்தம். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல மேனேஜர் இல்லையா, வீட்லயும் அதே நாற்காலிதான்.

எங்க வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வச்சிருந்தவர். மூணு வருஷத்துக்கு முன்னாடி பட்டறையில நடந்த விபத்துல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. வீட்டுக்குள்ள அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எத்தனை எட்டுல அடுப்பு, எத்தனை எட்டுல கதவுன்னு எல்லாம் கணக்கு வச்சிருக்கார். வாசல்படி தாண்டினாதான் யாராவது கையைப் பிடிச்சுக்கணும். அது அவருக்கு ஆகவே ஆகாது. கையைப் பிடிச்சதும் உடம்பு விறைச்சுக்கும். நூறு கிலோ இரும்பை ஒத்தை ஆளாப் புரட்டிப் போட்ட மனுஷன். பக்கத்து வீட்டுக்காரர் பாவம்னு நினைச்சு கையைப் பிடிச்சா, அன்னைக்கு சோறு இறங்காது.

கண்ணு தெரியாதவங்களுக்கு நடக்கப் பழக்கிவிட வந்த டீச்சரம்மாதான் இந்த யோசனையைச் சொன்னாங்க. "முன்னாடி புல்லு போடுங்க. சுத்தி ஒரு வரிசை கல்லு பதிங்க. கால் கல்லுல பட்டா ஓரம் வந்திடுச்சுன்னு தெரியும், திரும்பிக்குவார். அவருக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும்."

எனக்கு அது மனசுல பதிஞ்சு போச்சு. அதே வாரம்தான் அண்ணன் புது கார் வாங்கிட்டு வந்து நின்னார். வெள்ளைக் கார். தெருவுல நிறுத்தினா மரத்துல இருக்கிற பறவையெல்லாம் எச்சம் போடுதாம். வாசல் முழுக்க சிமென்ட் போட்டு உள்ள நிறுத்தப் போறாராம்.

"அண்ணே, உங்க காருக்கு ஒரு உறை வாங்கிப் போடுங்க. அவருக்கு நடக்க வேற எங்கே இடம் இருக்கு?"ன்னேன்.

"இந்த மண்ணுல புல்லு வராதும்மா. எனக்குத் தெரியாதா?"

"வரும்."

"சரி, ஆறு மாசம் டைம். பச்சைப்பசேல்னு இருந்தா நான் வாயே திறக்கலை. இல்லைன்னா சிமென்ட். அப்புறம் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது."

கெடு வைக்கிறார் பாருங்க, கூடப் பிறந்தவகிட்ட! நானும் வீம்புக்கு, "ஆறு மாசம் எதுக்கு, அஞ்சே போதும்"னு சொல்லிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் ஆரம்பிச்சேன். ஒரு ஜாண் ஆழத்துக்குக் கொத்தி, கல்லு கட்டி எல்லாம் பொறுக்கி, எரு கலந்து, பலகையை இழுத்து மட்டம் பண்ணினேன். விதையை மணலோட கலந்து நீளவாக்குல ஒரு தடவை, குறுக்குவாக்குல ஒரு தடவை தூவினேன். மேல பொடிமண்ணு, அதுக்கு மேல வலை. காலையில ஆறு மணிக்கு நான் ரத்தம் எடுக்கிற லேப்ல இருக்கணும், அதனால சாயந்தரம் வந்துதான் தண்ணி. பூவாளியால தினமும் லேசா தெளிப்பேன். பன்னண்டாம் நாள் முளை விட்டுச்சு. ரெண்டு மாசத்துல கை நிறைய அள்ளலாம் போல இருந்துச்சு.

அவர் முதல் தடவை செருப்பைக் கழட்டிட்டு அதுல இறங்கின அன்னைக்கு நான் கல்லோரத்துல நின்னுக்கிட்டிருந்தேன். நாலு பக்கமும் போய், கல்லைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி, வேகமா நடந்தார். எதையும் தடவாம, யாரையும் பிடிக்காம, ரெண்டு கையையும் வீசிக்கிட்டு நடந்தார். மூணு வருஷத்துல அப்படி நடந்து நான் பார்க்கலை. இதுக்கு மேல ஒருத்தன் வந்து சிமென்ட் போடுவானா, போட்டுடுவானான்னு மாடியைப் பார்த்து முறைச்சேன்.

அஞ்சாவது மாசம் பிடிச்சது சனியன். வேலியோரமா ஒரு திட்டு மஞ்சளாச்சு. அப்புறம் இன்னொண்ணு. தண்ணி பத்தலைன்னு நினைச்சு, ரெண்டு பூவாளி ஊத்தின இடத்துல நாலு ஊத்தினேன். மஞ்சள் பரவிக்கிட்டே போச்சு.

அப்போ ஒரு நாள் இவர் சொன்னார். "ஏம்மா, வேலியோரம் கால் வச்சா மெத்தை மாதிரி அமுங்குது."

"இப்பத்தான் தண்ணி ஊத்தினேன், அதான்"னுட்டேன்.

அடுத்த வாரம், "புல்லு காலோட நழுவுதும்மா, பிடிப்பே இல்லை. கீழ என்னன்னு கொஞ்சம் தோண்டிப் பாரேன்"னார்.

நான் எந்த நிலைமையில இருந்தேன் தெரியுமா? இன்னும் மூணு வாரம்தான் இருக்கு கெடுவுக்கு. எங்கிருந்தோ வந்த பறவைக் கூட்டம் வேற, நான் லீவுல இருந்த அன்னைக்குக் காலையில புல்லைக் கொத்திக் கொத்திக் கிளறிப் போட்டிருக்கு. விளக்குமாத்தோட விரட்டிட்டு, மறுபடி வலையை இழுத்துக் கட்டிக்கிட்டிருந்தேன். அந்த எரிச்சல்ல, "கண்ணு இருக்கிற எனக்கே ஒண்ணும் புரியலை, உங்களுக்கு என்னத்தைத் தெரியப் போகுது?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் உள்ள போயிட்டார். சொன்ன உடனே எனக்குச் சுருக்குன்னுச்சு. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வலையில ஒரு முடிச்சு பாக்கி இருந்துச்சு, அதைக் கட்டிட்டு சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொல்லலை.

ஏன்னா அதுக்குள்ள எனக்குக் குத்தவாளி கிடைச்சாச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அண்ணன் கார் கழுவுவார் இல்லையா, ஒரு நாள் சோப்புத் தண்ணி வாளியோட வேலிப்பக்கமா போறதை ஜன்னல் வழியா பார்த்தேன். அடப்பாவி அண்ணேன்னு நினைச்சேன். அதுல இருந்து கண்கொத்திப் பாம்பா காவல் காத்தேன். அவர் ஊத்தினதை ஒரு தடவைகூட நான் பார்க்கலை. பார்க்காததனால என்ன, அவ்வளவு சாமர்த்தியமா ஊத்துறார்னுதான் எனக்குத் தோணுச்சு.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில கொத்தனார் டேப்போட வந்து நிக்கிறார். அண்ணன் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு, "இருபது அடி, எழுதிக்கங்க"ன்னு சொல்றார்.

எனக்கு வந்துச்சே கோவம்! முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சிருக்கும். "யாரைக் கேட்டு அளக்கறீங்க? இன்னும் ஏழு நாள் இருக்கு!"

"இந்த லட்சணத்துல ஏழு நாள்ல என்னம்மா ஆகப் போகுது? பாதி வாசல் மஞ்சளா இருக்கு."

"ஏன் இருக்கு? சொல்லுங்க, ஏன் இருக்கு? யாரு சோப்புத் தண்ணியை ஊத்தினது? கண்ணில்லாத மனுஷன் காலை ஊன்ற இடத்துல திருட்டுத்தனமா ஊத்தறீங்களே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அண்ணன் முகத்துல ஈயாடலை. மாடிப்படியில அண்ணி வந்து நின்னுட்டாங்க. "நான் எதுக்கும்மா ஊத்தப் போறேன்? வேலிக்கு அந்தப் பக்கம் சாக்கடையிலதான் கொட்டுறேன்"னு அண்ணன் சொல்லச் சொல்ல, நான் விடலை. சின்ன வயசுல என் பங்கு பென்சிலைத் திருடினதுல இருந்து ஆரம்பிச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். கொத்தனார் டேப்பைச் சுருட்டவும் முடியாம, பிடிச்சுக்கிட்டு நிக்கவும் முடியாம முழிச்சார்.

இவர் வாசல்படியில உக்காந்திருந்தவர் எழுந்து வந்தார். கல்லைத் தாண்டிப் புல்லுல இறங்கி, வேலியோரம் போய் நின்னார். காலால அமுக்கிப் பார்த்துட்டு, வலையை ஒதுக்கி மண்டி போட்டார். ரெண்டு கையாலயும் ஒரு கொத்துப் புல்லைப் பிடிச்சுத் தூக்கினார். பாயைச் சுருட்டின மாதிரி புல்லு அப்படியே சுருண்டுக்கிட்டு வந்துச்சு. வேரே இல்லை. கீழ மண்ணுல வெள்ளை வெள்ளையா, சுருண்டு சுருண்டு, பழுப்புத் தலையோட புழு. ஒரு கையகல இடத்துல பத்துப் பன்னண்டு இருக்கும்.

"அட, வேர்ப்புழும்மா இது"ன்னார் கொத்தனார். "வண்டு முட்டை போட்டுட்டுப் போகும். சாயந்தரம் சாயந்தரம் மேலாக்க நனைச்சு வச்சா அதுக்குக் கொண்டாட்டம்தான். புழு வேரைத் தின்னுடும், மேல புல்லு சும்மா நின்னுக்கிட்டிருக்கும். பறவைங்க வந்து கொத்தியிருக்குமே?"

"கொத்துச்சு"ன்னேன். விரட்டிட்டேன்னு சொல்ல வாய் வரலை.

அண்ணன் பெருமூச்சு விட்டார். "பார்த்தியா? என்னென்ன பேசின! சரி, எது எப்படியோ, புல்லு போச்சு. மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க, சிமென்ட் போட்டுடலாம்தானே?"

இவர் எழுந்திரிக்கலை. புழுவை உள்ளங்கையில வச்சுக்கிட்டே பேசினார். குரலை உயர்த்தவே இல்லை, ஆனா பட்டறையில வேலைக்காரங்களை நிறுத்தி வச்சுக் கேக்கிற குரல் அது.

"இப்பத்தான் என்னைக் கேக்கறீங்க மச்சான். ஆறு மாசக் கெடு வச்சீங்களே, அப்ப என்னைக் கேட்டீங்களா? நான் கீழதான உக்காந்திருந்தேன்?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ ஊர் பூராவும் இவருக்காகத்தான் புல்லு, இவருக்காகத்தான் புல்லுன்னு சொல்ற. நான் ரெண்டு தடவை சொன்னேன். ஒண்ணாவது உன் காதுல ஏறுச்சா? கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறவங்களுக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்?"

எனக்கு எங்கே பார்க்கறதுன்னே தெரியலை.

"மச்சான், மூணு மாசம் கொடுங்க. அவளுக்கு வேணாம், எனக்குக் கொடுங்க. வரலைன்னா கொத்தனாருக்கு நானே கலவை குழைச்சுத் தர்றேன்."

"நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்வேனா மாப்பிள்ளை"ன்னுட்டு அண்ணன் டேப்பை விட்டுட்டார்.

"நீ இதுல கை வைக்காதே"ன்னு இவர் எங்கிட்ட சொன்னார். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கொத்தினது யாரு, பொறுக்கினது யாரு, ராத்திரி முதுகு வலிக்குத் தைலம் தேய்ச்சது யாரு? ஆனா யார்கிட்ட போய்க் கேக்கிறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ள போய்ப் பாத்திரம் கழுவினேன். அண்ணன்கிட்ட மட்டும் அன்னைக்கு மத்தியானமே மன்னிப்பு கேட்டேன். பென்சில் விஷயத்தை வாபஸ் வாங்கலை.

இவர் வேலை செஞ்ச விதத்தைச் சொல்லணும். மண்டி போட்டு, உள்ளங்கையால அமுக்கி, ஜாண் ஜாணா இழுத்துப் பார்த்துக்கிட்டே முழு வாசலும் போனார். பிடிப்பில்லாத இடத்துல எல்லாம் குச்சி நட்டு நூல் கட்டினார். நான் கண்ணால மஞ்சள்னு பார்த்தது நாலு திட்டு. அவர் கையில அகப்பட்டது ஒன்பது. அஞ்சு இடத்துல மேல பச்சையாவே இருந்துச்சு, இழுத்தா கையோட வந்துச்சு. புழுவையெல்லாம் பொறுக்கி சோப்புத் தண்ணி வாளியில போட்டார், அதுவும் அண்ணன் கார் வாளி. வலையை அவுக்கச் சொன்னார், பறவைங்க மறுபடி வந்துச்சு. நர்சரிக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ள இருந்தது கண்ணுக்கே தெரியாத நூற்புழுவாம், இந்தப் புழுவுக்குள்ள போய் அதைக் கொன்னுடுமாம். வெயில் பட்டா அது செத்துடும்னு பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் தண்ணியில கரைச்சு ஊத்தி, ரெண்டு வாரம் மண்ணு காயாம பார்த்துக்கிட்டார். அப்புறம் வாரத்துக்கு ரெண்டே நாள், விடியக்காலையில, விரல் முழுக்க ஈரத்துல இறங்கற வரைக்கும் ஹோஸ்ல தண்ணி. வெறுமண்ணா நின்ன இடத்துல புது விதை, அதுலயும் முளைக்காத இடத்துல மறுபடி விதை. நான் ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். இந்தப் பக்கம் விட்டுட்டீங்கன்னு கத்தணும் போல இருக்கும். விட்டிருக்க மாட்டார்.

மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கு அண்ணன் இறங்கி வந்தார். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய், குனிஞ்சு இங்க இழுத்தார், அங்க இழுத்தார். ஒண்ணும் வரலை. என்கிட்ட வந்து, "நாளைக்குக் காருக்கு உறை வாங்கப் போறேன். நல்ல கடை ஏதாவது தெரியுமா?"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வேலியோரம் தண்ணிக் குழாயைச் சுத்திக்கிட்டிருந்தார். "என்னங்க, அண்ணன் ஒத்துக்கிட்டார்!"ன்னு கத்திக்கிட்டே குறுக்கால ஓடினேன்.

"ஏய், நில்லு! விதை மேல நிக்கற. காலை எடு!"

குனிஞ்சு பார்த்தேன். எனக்கு வெறும் மண்ணுதான் தெரிஞ்சுது. உத்துப் பார்த்த பிறகுதான், என் செருப்பு ஓரத்துல ஊசிமுனை கணக்கா நாலஞ்சு பச்சை.

"தப்புங்க"ன்னேன்.

"பரவாயில்லை. விதைதானே, மறுபடி போட்டுக்கலாம்."

"விதைக்கு மட்டும் சொல்லலைங்க. அன்னைக்குச் சொன்னேனே, கண்ணு இருக்கிற எனக்கேன்னு. அதுக்கு."

அவர் குழாயைச் சுத்தறதை நிறுத்தினார். அப்புறம், "இன்னும் அதே இடத்துலதானே நிக்கற?"ன்னார். "மொதல்ல அங்கிருந்து நகரு."

நகர்ந்தேன்.