ஜெனரேட்டர் போன இடம்

சென்னையில் அப்போது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. எங்களுக்குப் பதினான்கு மணி நேரம். 2012 ஐப்பசியில் கடலூர் முதுநகரில் ஐஸ் ஃபேக்டரி நடத்திக்கொண்டிருந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் நெய்வேலி. சாம்பல் எங்கள் மாவட்டத்துக்கு, வெளிச்சம் பட்டணத்துக்கு. படிக்கும்போதே வயிறு எரிகிறதா? எரிச்சலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், நான் செய்ததும் வருகிறது.

ஒரு ஐஸ் பார் உறைய முழுசாக ஒரு நாள் ஆகும். தகர கேன்களில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே கட்டிக்கொண்டு வரும். நடுப்பகுதிதான் கடைசி. நடுவில் கம்பிரசர் நின்றால் அவ்வளவுதான். கரண்ட் போன நேரமெல்லாம் எங்களைக் காப்பாற்றியது டிராலியில் நின்ற ஒரே ஒரு பழைய ஜெனரேட்டர்.

அந்த வாரம் சவரியம்மாள் அக்கா வந்து பதினைந்து பார் சொல்லிவிட்டுப் போனாள். துறைமுகத்தில் ஏலம் எடுத்து இருபது வருஷமாகப் புரோக்கர் கையில் மீனைக் கொடுத்தவள். முதல் தடவையாக, புரோக்கர் இல்லாமல் தானே சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு வஞ்சிரம் அனுப்பப் போகிறாள். பன்னிரண்டு பெட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி. முதல் லோடு நாறிப்போய் இறங்கினால் அந்த வாசலில் அவளை மறுபடி நிற்க விட மாட்டார்கள்.

“ஒன்ன நம்பித்தாம்மா ஏலத்துல கைய தூக்கப் போறேன்” என்றாள்.

“பார் ரெடியா இருக்கும்க்கா. நீ தூக்கு” என்றேன். சொன்னது நான்தான்.

புதன்கிழமை வைத்திலிங்கம் மாமா வந்தார். என் கணவரின் அண்ணன். சிதம்பரத்தில் ரைஸ்மில் வைத்திருக்கிறார், மாவட்டத் தொழில் சங்கம் ஒன்றின் செயலாளர். மேடை என்று ஒன்று இருந்தால் அதில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கும்.

“வினோதினி, நாளைக்கு இங்க கடலூர் மண்டபத்துல சங்கத்து மீட்டிங்கு. மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆளுங்க வராங்க. மண்டபத்து ஜெனரேட்டர் ஏசிய தாங்கல. ஒன்னுத காலைல குடு. ஒரு மணிக்கெல்லாம் திரும்பி வந்துடும்.”

“பார் கட்டாது மாமா. சவரியம்மா அக்காவுக்கு லோடு இருக்கு.”

“அவுங்க மனசு குளுந்தா ஹார்பருக்குத் தனி லைன் கெடைக்கும். அப்பறம் கரண்டே போவாது. ஜாஸ்தி யோசிக்காத.”

என் ஆபரேட்டர் ஆண்டி பக்கத்தில் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பெரிய ஆள் வந்தால் வீட்டில் இருக்கிற நல்ல நாற்காலியைத் தூக்கிப் போடுகிற புத்தி எங்கள் ஊருக்கு உண்டு. எனக்கும் உண்டு. தனி லைன் என்றதும் வாயில் எச்சில் ஊறிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

வியாழன் காலை டிராக்டர் வந்து ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போனது. அன்று எட்டு மணிக்குப் போன கரண்ட் மதியமாகியும் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. ஜெனரேட்டரும் வரவில்லை, மாமா போனையும் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலிலேயே என் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனால் ஏசியில் உடம்பு நடுங்கியது. மேடையில் பேசியவர் ஒரு கன்சல்டன்சி கம்பெனிக்காரர். கடலூரில், கோட்டு போட்டிருந்தார். அந்தக் குளிருக்கு அது தேவைதான். அந்தக் குளிர் என்னுடையது. ‘தலைநகரின் தொழில் வளர்ச்சியில் மாவட்டங்களின் பங்கு’ என்று பேனர் கட்டியிருந்தார்கள்.

திரையில் ஒரு வரைபடம். சென்னை தங்க நிறத்தில் இருந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து இரண்டு அம்புகள் புறப்பட்டன. வீராணத்திலிருந்து நீல அம்பு, அது தண்ணீர். நெய்வேலியிலிருந்து சிவப்பு அம்பு, அது மின்சாரம். இரண்டும் நேராகச் சென்னைக்குள் போய் நின்றன. திரும்பி வருகிற அம்பு ஒன்றுகூட இல்லை. கடலூர் என்று பெயர்கூடப் போடவில்லை, ‘மூலவளப் பகுதி’ என்று போட்டிருந்தார்கள்.

“சென்னையில டெய்லி ரெண்டு மணி நேரம் கட். இன்வெஸ்டர்ஸ் ரொம்ப அப்செட். வேற ஸ்டேட்டுக்குப் போயிடுவோம்னு சொல்றாங்க. மாவட்டத்துல இருக்கறவங்க இன்னும் ஒரு மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா போதும்” என்றார் அவர்.

முன்வரிசை கை தட்டியது. மில்காரர்கள், பட்டறைக்காரர்கள், காலையிலிருந்து மெஷின் ஓடாதவர்கள்தான் அத்தனை பேரும். எல்லோரும் தட்டினார்கள். மாமா என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன்.

“ஜெனரேட்டர எடுக்கணும் மாமா” என்று காதில் சொன்னேன்.

“இரு. அடுத்து ஒன் தனி லைன் விஷயந்தான்.”

அடுத்து சாப்பாடு. அதற்கடுத்து நன்றியுரை. பிறகு, ஒத்துழைப்பு நல்கிய பெண் தொழில்முனைவோர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பளபளவென்று ஒரு பொன்னாடையைப் போர்த்தினார் கோட்டுக்காரர். போட்டோவுக்குச் சிரித்தேன். சிரித்தபடியே தனி லைனைப் பற்றிக் கேட்டேன்.

“லைனா? அது எங்க வேலை இல்லீங்களே. நாங்க ரிப்போர்ட் மட்டும்தான் குடுப்போம்” என்றார்.

டிராக்டர்காரரைப் பிடித்து, ஜெனரேட்டரோடு ஃபேக்டரிக்கு வந்து சேர மணி நாலே கால். வஞ்சிரம் பெட்டிகள் தரையில் வரிசையாக இருந்தன. சவரியம்மாள் அக்கா ஈரச் சாக்கை அதன்மேல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற ஃபேக்டரிகளுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டாள். யாரிடமும் கூடுதலாக ஒரு பார் இல்லை.

ஆண்டி முதல் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். பார் வெளியே வந்ததும் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி எங்கள் காலை நனைத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவர் கவிழ்க்கவில்லை.

“மேலோடு மட்டுந்தாம்மா கட்டியிருக்கு. திண்டிவனம் வரைக்கும்கூடத் தாங்காது” என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கரண்ட் இல்ல, தெரியும். ஒன் ஜெனரேட்டர் எங்க போச்சு?”

“மீட்டிங்குக்கு.”

“என்னா மீட்டிங்கு?”

“சென்னைக்குக் கரண்ட் பத்தலயாம்க்கா. அதப் பத்தி.”

அப்போதுதான் அவள் என் தோளைப் பார்த்தாள். பொன்னாடையைக் கழற்ற மறந்திருந்தேன்.

“அதக் குடு. நனச்சி மீனு மேல போடறேன்.”

கொடுத்தேன். வாளியில் முக்கி எடுத்தாள். தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிந்து ஓடியது. இன்னொரு முறை முக்கிப் பார்த்தாள்.

“பாலியஸ்டரு. தண்ணியக்கூடப் புடிக்க மாட்டேங்குது” என்று சொல்லி மூலையில் வீசினாள்.

ஐந்து மணிக்கு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னாள். லாரி காலியாகப் போனது. திரும்பி வந்து, பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மடியிலிருந்து கத்தியை எடுத்தாள்.

“தொட்டிக்குப் போடுவீங்களே, அந்த உப்பு இருக்குல்ல? நாலு மூட்டை எடுத்துட்டு வா.”

மூட்டைகளை ஆண்டியும் நானும் இழுத்து வந்து பிரித்தோம். சென்னை ஓட்டலுக்குப் போக வேண்டிய வஞ்சிரத்தை அவள் கருவாட்டுக்குக் கீறத் தொடங்கினாள்.

“அந்த மீட்டிங்ல பேசுனவன் நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் கட் பண்ணணும்னு சொன்னான்க்கா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்” என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

“அப்ப அந்தக் கையாலயே உப்ப அள்ளிப் போடு.”

உட்கார்ந்து அள்ளிப் போட்டேன். ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. ஆண்டி ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கம்பிரசரைக் கரண்டுக்கு மாற்றினார். எங்களுக்கு இன்னும் எட்டுப் பெட்டி பாக்கி இருந்தது.