நாலு பத்து வண்டி

"ரெண்டே ரெண்டு நிமிஷம் நிறுத்துங்கன்னுதானே கேக்கறேன், என்னமோ..."

"நாலு பத்துன்னா நாலு பத்து. அதுல என்ன ரெண்டு நிமிஷம்?"

"பொம்மை வண்டிங்க அது!"

"பொம்மைன்னா உன் பொண்ணு எப்படி ஏறி உக்கார்றா?"

அவள் புருஷனை விட்டுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன மகள், பாதிக் கட்டைவிரல் உயரத்தில், சிவப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசை மேலிருந்த பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தினமும் நாலு மணிக்கு வருவாள். நாலு பத்து வண்டியில் ஏறுவாள். வண்டி பாத்திர அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பெட்டி காலியாக இருக்கும்.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அவர் ஓய்வு பெற்ற மறுமாதம், தான் பதினாறு வருஷம் கொடி காட்டிய கிராமத்து ஸ்டேஷனை எண்பத்தேழில் ஒரு பங்காகக் கட்ட ஆரம்பித்தார். நாலு தடவை நேரில் போய் டேப் பிடித்து அளந்து வந்தார். டிக்கெட் ஜன்னல், ஒழுகும் குழாய், ஒரு பலகை போன பெஞ்ச், லெவல் கிராசிங் கேட், கேட்டடியில் ஒரு பால்காரர், ஒரு சைக்கிள்காரர் என்று எதையும் விடவில்லை. கடைசியாகத் தன்னைச் செய்தார். பச்சைக்கொடியைத் தூக்கிய கையோடுதான் செய்தார். வேறு எப்படியும் தன்னை நினைத்துப் பார்க்க அவருக்குத் தெரியாது. இருந்ததில் உசத்தியான பசை போட்டு அந்தக் கையை ஒட்டினார். அந்த வாரம் பசை விலை கால் பங்கு ஏறியது, குழாய் சொட்ட ஆரம்பித்தது, மகள் வந்தாள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, வண்டிக்குக் கரன்ட்டே போகவில்லை என்றார். "ஓடுதுல்ல, பில்லும் வரல. அப்புறம் என்னங்க கஷ்டம்?" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மகள் போன அன்று காலையில் நடந்ததும் ஒரு சண்டைதான். பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம், தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். "போய்த் தொலை, இந்த வாசல்ல இனி கால் வெக்காதே" என்றாள் அம்மா. சொன்ன சொல் மத்தியானம் முழுக்க நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்தியது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஸ்டேஷனுக்கு ஓடினாள். குவார்ட்டர்ஸ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கேட் மூடியிருந்தது. ஊரே அதற்கடியில் குனிந்துதான் போகும், வரும். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டியே கேட்டில் குனிந்தாள் என்று தனக்குப் பேர் வரக்கூடாது என்று புருஷன் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கும் அந்தக் கெத்து பிடித்திருந்தது. நிமிர்ந்தே நின்றாள். நாலு பத்து வண்டி தாண்டிப் போனது. மகள் எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாளாம். அப்புறம் ஒரு கடுதாசிகூட இல்லை.

அதனால் அவளும் தன்னைச் செய்துகொண்டாள். ஒரு தீக்குச்சியில் பழைய புடவையின் நீல நூலைச் சுற்றி, பெஞ்சில் மகள் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். நாலு ஆறுக்குக் கேட் தானாக இறங்கியது. பெஞ்சில் வைத்த தீக்குச்சி எப்படியோ கேட்டுக்கு வெளியே போய் நின்றது. மறுநாளும் அப்படித்தான். இரண்டு வருஷம் வைத்துப் பார்த்தாள். இரண்டு வருஷமும் புருஷனிடம் கெஞ்சினாள். ஒரு மத்தியானம் அவர் குளிக்கப் போனதும் நகவெட்டியை எடுத்து, பசை போட்ட அந்தக் கொடிக்கையை நறுக்கினாள். குளியலறையில் சொம்பு விழுந்தது. அன்றிலிருந்து அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. நரம்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அன்று நாலு பத்துக்கு வண்டி நகரவில்லை. மகள் ஏறி, இந்தத் தடவை கேட் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள்.

"நின்னுடுச்சுங்க! கேட்டைத் திறங்க, சீக்கிரம்!"

"வண்டி தாண்டாம கேட் திறக்காது."

"அது யார் போட்ட சட்டம்?"

"சட்டம் இல்லடி, இரும்பு. சிக்னல் கொடுத்தாச்சுன்னா கேட் பூட்டிக்கும். வண்டி போனாத்தான் விடும்." தொங்கிய கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "இதை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்ல?"

வண்டி நின்று நாலு வருஷமாகிறது. இருவரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவருக்குச் சட்டைப் பொத்தான் அவள்தான் போட்டுவிடுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் பிரஷ்ஷால் பெட்டிகளின் மேல் தூசி தட்டுகிறாள். பால்காரர் கேனோடு குனிந்து போகிறார். சைக்கிள்காரர் சைக்கிளைச் சாய்த்து நுழைகிறார். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தீக்குச்சி விறைப்பாக நிற்கிறது.

நாலு மணியானதும் அவள், வலிக்கிற மூட்டோடு, மேசை விளிம்புக்கு முகம் வரும்வரை குனிந்து, அந்த நீல நூல்காரியிடம் மெதுவாகச் சொல்கிறாள்:

"குனிஞ்சு போடி. யாரு என்ன சொல்லிடப் போறாங்க?"