மஞ்சள் ஒயர்

டக்… டக்… டக்…

புதுச்சத்திரம் தாண்டியதும் பானெட்டுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல் ஆரம்பித்தது. வெண்மதி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். சாலையோரம் ஒதுங்குவதற்குள் ‘படார்’ என்று ஒரு சத்தம். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது.

அதற்குப் பிறகுதான் டேஷ்போர்டில் சிவப்பு லைட்டுகள் எரிந்தன. அதுவரை ஒன்றுகூட எரியவில்லை. சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வாள்.

வெண்மதி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களின் வீடு தேடிப் போய் கை கால்களை அசைக்கச் சொல்லித் தருகிறவள். அன்றைக்குக் கிள்ளையில் ஆரோக்கியம்மாள் காத்திருந்தார். கார் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு வீடு தாண்டாது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத கார்.

சிதம்பரத்தில் மெக்கானிக் சார்லஸின் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். சார்லஸ் இன்ஜினுக்கு அடியில் படுத்து ஆயிலை இறக்கினார். அது ஒழுகவில்லை. பலாப்பழப் பிசின் மாதிரி நூலாக இழுத்தது.

“என்னா மேடம் இது? எண்ணூறு சி.சி, மூணு சிலிண்டர். சின்ன இன்ஜின். மெல்லிசான ஆயில்தான் ஊத்தணும். இது லாரி கியர் பாக்ஸுக்கு ஊத்துற கணக்கா இருக்கு. தேஞ்ச பேரிங்கு சத்தம் வெளிய கேக்காம இருக்க இந்த வேலை பண்ணுவாங்க.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆயில் குச்சி எடுத்து அளவு பாத்தேனே!”

“அளவு இருக்கும். பேரிங்குக்குப் போய்ச் சேரணும்ல? உருகிப் போச்சு. கனெக்டிங் ராடு கழண்டு இன்ஜின் பிளாக்கையே ஒடச்சிருக்கு.”

அந்த நேரத்தில் அவள் கணவன் செம்பியன் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். கையில் போன். ஸ்பீக்கரில் அவனுடைய தாய்மாமன் கண்ணாயிரம். கடலூர் முதுநகரில் பழைய கார் வாங்கி விற்கிறவர். காரை விற்றதும் அவர்தான். வாங்கும்போது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாம் என்று வெண்மதி சொன்னாள். “மாமா கிட்ட மெக்கானிக்கோட போய் நிக்கறதா? அதுக்கு அவர செருப்பால அடிக்கலாம்” என்று செம்பியன் வாயை அடைத்துவிட்டான்.

“மாப்ள,” என்றது போன். “ஆயில் லைட்டு எரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு பாத்திருக்காது. போனைப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்கும். பொம்பளைங்க கையில வண்டி குடுத்தா இதான்.”

“எரியல பெரியப்பா!” வெண்மதி கத்தினாள். கணவனின் தாய்மாமன் அவளுக்குப் பெரியப்பா முறை.

செம்பியன் காருக்குள் குனிந்து சாவியைத் திருப்பினான். விளக்கு வடிவத்தில் ஆயில் லைட் பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் பேட்டரி லைட்டும்.

“இதோ எரியுது பாரு! பல்பு நல்லாத்தான இருக்கு? நீ பாக்கல, அவ்ளோதான். இனிமே பஸ்ல போ. கார் உனக்கு செட் ஆவாது.”

ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். வெண்மதிக்குக் காது மடல் சுட்டது.

செம்பியன் விடவில்லை. சாவியை அணைத்தான், போட்டான். இரண்டு லைட்டும் அணைந்தன, எரிந்தன. சேர்ந்தே.

சேர்ந்தே!

“சார்லஸ், வண்டி ஸ்டார்ட் பண்ணா ரெண்டு லைட்டும் ஒண்ணா அணையுமா? இதுல தெனமும் அப்படித்தான் அணையும்.”

சார்லஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ஒண்ணாவா? பேட்டரி லைட்டு உடனே போவும். ஆயிலு ஏறி பிரஷர் வரணும், அதனால ஆயில் லைட்டு ஒரு மூச்சு லேட்டாத்தான் போவும்.” அவர் இன்ஜின் பக்கம் கை விட்டு, ஆயில் சுவிட்சிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கினார். “இப்ப பாருங்க. இந்த ஒயர் இல்லன்னா லைட்டு எரியவே கூடாது.”

எரிந்துகொண்டிருந்தது.

டேஷ்போர்டைக் கழற்றினார்கள். பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஒயர், மேலே கறுப்பு டேப். ஆயில் லைட்டைக் கொண்டுபோய் பேட்டரி லைட்டோடு கோத்துவிட்டிருந்தது. சாவி போட்டால் எரியும். ஸ்டார்ட் ஆனால் அணையும். நடுவில் ஆயில் பிரஷர் செத்தே போனாலும் எரியாது.

செம்பியன் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னான்: “பழைய ஓனர் பண்ணியிருப்பான். மாமாவுக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டுடலாம் வாங்க” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள். அவன் பின்னாலேயே ஏறினான்.

முதுநகர் யார்டில் கண்ணாயிரம் ஒரு காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி ஒருவரும் அவர் மனைவியும் கார் எடுக்க வந்திருந்தார்கள். அதே மாடல்.

“வாம்மா! ஜூஸ் குடிக்கிறியா?”

“மஞ்சள் ஒயர் யாரு போட்டது?”

ஒரு கணம். ஒரே ஒரு கணம் அவர் கண் செம்பியன் பக்கம் ஓடித் திரும்பியது. “என்னா ஒயரு? பழைய ஓனர் எவனாவது பண்ணியிருப்பான். நான் என்னா, ஒவ்வொரு வண்டியிலயும் தலைய வுட்டா பாக்கறேன்?”

வெண்மதி அவரைத் தாண்டி நடந்தாள். எலுமிச்சம்பழம் வைத்த காரின் பானெட்டைத் தூக்கினாள். சார்லஸ் செய்தது போலவே ஆயில் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கினாள். வியாபாரியின் மனைவியிடம் திரும்பினாள். “அக்கா, சாவியத் திருப்புங்க. ஆயில் லைட்டு எரியுதா?”

“எரியுதும்மா.”

“எரியக் கூடாதுக்கா.”

அடுத்த கார். எரிந்தது. அதற்கடுத்தது. எரிந்தது.

“குடும்ப மானத்த சந்தியில வாங்காத!” கண்ணாயிரம் பாய்ந்து வந்தார். “டேய் செம்பியா, பொண்டாட்டிய அடக்குடா!”

செம்பியன் அசையவில்லை.

ஆபீஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் நிழலில் ஒரு வெள்ளைக் கார். அதே மாடல், அதே சின்ன இன்ஜின். கண்ணாயிரம் தினமும் தானே ஓட்டுவது. சாவி அதிலேயே தொங்கியது.

“அத தொடாத!”

தொட்டாள். ஒயரைப் பிடுங்கிவிட்டு சாவியைத் திருப்பினாள். பேட்டரி லைட் எரிந்தது. ஆயில் லைட் எரியவில்லை. இருட்டாகக் கிடந்தது, ஒரு நேர்மையான காரில் இருக்க வேண்டியபடி.

“உங்க வண்டிக்கு மட்டும் ஒயரு ஒழுங்கா இருக்கே பெரியப்பா? விக்கற வண்டி எல்லாத்துலயும் மஞ்சள் ஒயரு. பழைய ஓனருங்க எல்லாரும் கூடிப் பேசியா போட்டாங்க?”

வியாபாரி எலுமிச்சம்பழத்தைக் காலால் எத்திவிட்டு மனைவியோடு வெளியேறினார். செம்பியன் மெல்லக் கேட்டான்: “மாமா… இவ அதுல தெனம் நூறு கிலோமீட்டர் ஓட்டுறான்னு தெரியுமே உங்களுக்கு?”

“வுடு மாப்ள. வேற இன்ஜின் பாத்துத் தரேன்.”

“பாத்து எல்லாம் வேணாம்” என்றாள் வெண்மதி. “என் வண்டி சார்லஸ் ஒர்க்‌ஷாப்புல நிக்குது. உங்க செலவுல நல்ல இன்ஜின் ஏத்தி, அவரு கையால ஒயரு கழட்டிப் பாத்து, சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த வெள்ளை வண்டி என்கிட்ட. முடியாதுன்னா சொல்லுங்க. மஞ்சள் ஒயரோட இந்த மூணு வண்டியும் இப்படியே நிக்கட்டும், நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போறேன்.”

கண்ணாயிரம் தரையைப் பார்த்தார். கையை வெறுமனே அசைத்தார், போ என்பது போல்.

அவள் குச்சியை உருவி ஆயிலைத் தொட்டுப் பார்த்தாள். தேன் நிறம், மெல்லிசு. ஒயரை மறுபடி மாட்டினாள். பானெட்டை மூடினாள். சீட்டில் உட்கார்ந்தாள்.

செம்பியன் மறுபக்கக் கதவில் கை வைத்தான். பூட்டியிருந்தது.

“வெண்மதி…”

“நான் கிள்ளைக்குப் போறேன். நீங்க பஸ்ல வாங்க.”

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. பேட்டரி லைட் உடனே அணைந்தது. ஒரு மூச்சு கழித்து, ஆயில் லைட்.

கியர் போட்டாள்.