குரங்குப்பிடி

மூன்று நகம் வெட்டி முடித்து நாலாவதுக்கு வரும்போது அப்பா அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டார். மூடிக் கிடந்த கையைப் பிரிப்பதற்காக உள்ளங்கைக்குள் விட்ட விரல் அப்படியே சிக்கிக்கொண்டது. மறு கையில் நகவெட்டி. கட்டில்மேல் குனிந்தபடி, இந்தப் பக்கமும் போக முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் அவள் நின்றாள்.

"அம்மா, இங்க வாயேன்."

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? நீ வந்தது அவருக்குத் தெரியும்டி. எப்படிப் பிடிச்சிருக்கார் பாரு, உடும்புப்பிடி!"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பாதி உடம்பு விழுந்து, பேச்சும் நின்று, கண் திறந்திருந்தாலும் எதையும் பார்க்காமல் கிடக்கிற மனுஷன். 'இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பி ஐந்து நாளாகிறது. ஏழு வருஷம் கழித்து இந்த வீட்டுப் படியை அவள் மிதித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவளுக்கு ஒரே ஆசைதான். பேச வேண்டாம், ஒரு பார்வை போதும். 'அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா' என்கிற மாதிரி ஒரு பார்வை. வந்து பார்த்தால் அதற்கும் வழியில்லை. மிச்சம் இருப்பது இந்தக் கை ஒன்றுதான்.

அந்தக் கையைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? அப்பா மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில் முப்பத்தோரு வருஷம் எலும்பு கோத்தவர். வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் வெளுக்கவைத்து, துளை போட்டு, கம்பியில் கோத்து நிற்கவைப்பார். மனுஷனோ குரங்கோ, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. கல்லூரியில் அவருக்குப் பெயரே எலும்புக்காரர்தான். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அதே பேச்சு. "குரங்கோட மணிக்கட்டுல ஒரு குட்டி எலும்பு தனியா இருக்கும். நமக்கு அது பக்கத்து எலும்போட ஒட்டிக்கிச்சு. இந்த வித்தியாசத்துக்குப் போயி மனுஷன் என்னா ஆட்டம் ஆடறான்!" சின்ன வயசில் அவள் அழுதால் காதை ஆட்டிக் காட்டுவார். முகத்தில் வேறெதுவும் அசையாது, காது மட்டும் முன்னும் பின்னும் போகும். "இது நம்ம பழைய சொந்தக்காரங்க விட்டுட்டுப் போன சொத்து. உங்கம்மா வீட்ல ஒருத்தருக்கும் கிடையாது" என்பார். அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அழுகை எங்கே போனதென்றே தெரியாது.

வாய்தான் அவருக்கு எதிரி. எதுவானாலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. உண்மை என்றால் அதை எப்போது சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்கிற வழக்கமே கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு எட்டாம் மாதத்தில் ஒரு பையன் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தான். ஒன்பதாம் நாள், பெட்டியின் பக்கத்து ஓட்டை வழியாக விரலை உள்ளே விட்டபோது அவன் பிடித்துக்கொண்டான். அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு பலம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பா, இவனுக்கு என்னைத் தெரியுதுப்பா! எப்படிப் பிடிக்கிறான் பாருங்க!"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தெரிஞ்சு பிடிக்கிறதில்லம்மா இது. குரங்குக்குட்டி பிறந்ததும் தாயோட முடியைப் பிடிச்சுத் தொங்கணும், இல்லன்னா மரத்துலேர்ந்து விழுந்துடும். அந்தப் பழக்கம் இன்னும் நம்ம கையை விட்டுப் போகல. ஒரு குச்சியைக் குடுத்தாலும் இப்படித்தான் பிடிப்பான்."

பதினோராம் நாள் பெட்டி காலியாகிவிட்டது. தன்னைத் தெரிந்துகொண்டுதான் போனான் என்று நினைத்துக்கொள்ள அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பிடிதான். அதையும் அப்பா பிடுங்கிவிட்டார். "இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க" என்று ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்கக் கத்தினாள். அவர் முழிக்கவில்லை. சொன்னால் சொன்னபடி கேட்டார். அதைத்தான் இன்றுவரை அவளால் தாங்க முடியவில்லை.

"ஸ்டூல் கொண்டாரேன், உக்காரு. அவர் பிடிச்சுக்கிட்டே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

உட்கார்ந்தாள். விரலை மெல்ல இழுத்துப் பார்த்தாள். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது.

"விடமாட்டேங்கிறாரு பாரேன்!" அம்மா கட்டிலை இன்னும் ஒட்டி நின்றாள். "உனக்கு ஒண்ணு சொல்லவா? கல்லூரியில தாய்க்குரங்கும் குட்டியும் இருக்கிற அலமாரி ஒண்ணு இருக்கில்ல, அவர் கோத்தது? பசங்க வந்தா அது முன்னாடி நின்னு அரைமணி நேரம் அளப்பாரே. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை சொன்னதில்ல. 'எழுதிப் போட்டிருக்கு, படிச்சுக்குங்க'ன்னுட்டுப் போயிடுவாராம். ரிட்டயர் ஆகிற வரைக்கும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான்."

"உங்கிட்ட சொல்லத் தெரிஞ்சவருக்கு எங்கிட்ட வந்து சொல்லத் தெரியலையா?"

"நீதான் மூஞ்சில முழிக்காதேன்னுட்டியே. அவருக்கும் நெஞ்சழுத்தம், உனக்கும் நெஞ்சழுத்தம். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி கிடந்து லோல்படறேன்."

நிஜமாகவும் இருக்கலாம். அம்மா இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம். நல்லதுக்கு என்றால் பொய் சொல்லக் கூசாதவள் அம்மா.

அம்மா அந்தப் பக்கம் போனதும் அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள். வெள்ளை முடி முளைத்த காது, அசைவே இல்லை.

"அப்பா, நான் வந்திருக்கேன். நான்தான்னு தெரிஞ்சா விரலை விடுங்க. நீங்க விட்டா நம்பறேன்."

மறுபடி இழுத்தாள். பிடி இன்னும் இறுகியது. 'உடும்பு இல்லம்மா, குரங்கு' என்று அவர் திருத்துவது அவளுக்குள் அச்சு அசலாகக் கேட்டது. சனியன், அந்தக் குரல் மட்டும் நன்றாகப் பேசுகிறது. ஆனாலும் விரலை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மரத்துப்போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யார் கண்டது, அப்பாவுக்கே தெரியாத ஏதாவது அப்பாவின் கையில் இருக்கக் கூடாதா?

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். தினம் இரண்டு வேளை வந்து உடம்பு துடைத்துப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறவள். உள்ளே நுழைந்ததும் ஸ்டூலைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமாக்கா இப்படியே உக்காந்திருக்கீங்க? விரல் நீலம் பாரிச்சிருக்கு. இழுக்கக் கூடாது. இழுத்தா இன்னும் பிடிக்கும்."

புறங்கையை மேலிருந்து கீழாக மெல்லத் தடவிவிட்டாள். இவ்வளவுதான் என்கிற மாதிரி அப்பாவின் விரல்கள் விரிந்தன. நர்ஸ் அலமாரியைத் திறந்து, சுருட்டி நூல் கட்டிய ஒரு துணியை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். அப்பா துணியைப் பிடித்துக்கொண்டார். அதே பிடி. முட்டிகள் வெளுக்கிற அளவுக்கு, ஒரு நூல் கூடக் குறையாமல்.

"எதைக் குடுத்தாலும் பிடிப்பாருக்கா. போர்வை, குழாய், என் துப்பட்டா. துணி இல்லன்னா நகம் உள்ளங்கையில குத்திப் புண்ணாயிடும். கைல எப்பவும் வச்சிருக்கணும்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேனே. ஏம்மா, காலைல எடுத்துட்டீங்களா?"

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். காலையில், வந்து கால்கூடக் கழுவாத மகளிடம் நகவெட்டியை நீட்டி, 'அப்பாவுக்கு நகத்தை வெட்டி விடேன்' என்றவள் அம்மாதான். இப்போது மகள் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பால் கதவைத் துடைத்தாள்.

"மறந்துட்டேன்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், குச்சியைக் கொடுத்தாலும் பிடிக்கும் என்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எப்போதும் அவர் சொன்னதுதான் சரி. பையனும் அவளைப் பிடிக்கவில்லை, அப்பாவும் அவளைப் பிடிக்கவில்லை. இரண்டு முறையும் கிடைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த விரல் அவளுடையது, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மூச்சு மாறியது. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு நர்ஸ் போயிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மகளுக்குப் பால் சுடவைக்க அம்மா எழுந்து போனாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வந்தது. அடுத்ததற்குப் பதினெட்டு. அதற்கடுத்து இருபத்தாறு. பிறகு அறுபது வரை எண்ணினாள். நூறு வரை எண்ணினாள்.

துணி போர்வைமேல் விழுந்து கிடந்தது. எப்போது விட்டார் என்று அவள் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தாள். நாலு விரலின் பள்ளமும் அதில் இருந்தது, ஈரமாக.

தன் விரலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சூடு இன்னும் போகவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். காலையில் இழுத்த மாதிரி இழுத்தாள். விரல் தடையில்லாமல் கையோடு வந்தது. மறுபடி வைத்தாள்.

"ஏண்டி," அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கார்?"

அவள் இன்னொரு கையால் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் விரல்மேல் மடக்கினாள். கையை எடுத்ததும் அவை விரிந்துகொண்டன. திரும்ப மடக்கி, மேலே தன் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிட்டிருக்கார்மா. நீ பாலை இறக்கி வச்சுட்டு மெதுவா வா."

காலையில் வெட்டாமல் விட்ட இரண்டு நகங்களும் அவள் தோலில் பதிந்தன. அவள் இன்னும் கொஞ்சம் அமுக்கினாள்.