தாலாட்டு விழுந்தவர்கள்

மலையின் தாலாட்டு விழுந்தால் எவனும் எழுந்திருக்க மாட்டான். இது ஊருக்கே தெரிந்த விஷயம். எழுந்திருக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறார்கள் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம்தான். இரண்டும் தெரிந்த ஜனங்கள்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தே போய் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருகிற இடங்கள் நம் எல்லாருக்கும் நாலைந்து இருக்கின்றன.

மலை என்பது மல்யுத்த மேடையில் அவர் பெயர். தாலாட்டு என்பது அவர் ஆட்டத்தை முடிக்கிற அடி. எதிராளியை அலாக்காகத் தூக்கிக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொள்வார். இந்தப் பக்கம் ஓர் ஆட்டு, அந்தப் பக்கம் ஓர் ஆட்டு. அரங்கம் முழுக்க 'ஆராரோ' பாடும். அடுத்த ஆட்டில் தொப்பென்று கீழே போட்டு, மேலே விழுந்து அமுக்குவார். நடுவர் தரையைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். மூன்றுக்குள் தோளைத் தூக்கிவிட்டால் ஆட்டம் தொடரும். தாலாட்டு விழுந்த ஒருவனும் இதுவரை தோளைத் தூக்கியதில்லை.

அந்த ஒன்றை மலை பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தார். மற்ற மல்லர்கள் தங்கள் கடைசி அடியைக் கண்ட ஆட்டத்திலும் போட்டு, கண்டவனும் அதிலிருந்து எழுந்து, போகப் போக அது கன்னத்தில் செல்லமாகத் தட்டுகிற மாதிரி ஆகிப்போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு முறை தொலைக்காட்சிப் பேட்டியில் நெறியாளர், "என்னை ஒரு தடவ தாலாட்டுங்க சார்" என்று ஆசையாகக் கேட்டார். மலை யோசித்தார். போட்டால் இந்த மனிதர் எழுந்து நின்று 'ஒரு சிறிய இடைவேளை' என்று சொல்லியாக வேண்டும். தாலாட்டு விழுந்தவன் இடைவேளை விடுவதாவது. முடியாது என்றுவிட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மெத்தையில் தூக்கிப் போடச் சொன்னால்கூடப் போட மாட்டார். போட்டால் அதுகள் சிரித்துக்கொண்டே எழுந்துவிடும்.

விழுந்தவர்களுக்கும் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மேடையை விட்டு இறங்கியதும் துள்ளிக் குதித்து நடக்கக் கூடாது. கடைசி ரசிகன் கண்ணிலிருந்து மறைகிறவரை நொண்ட வேண்டும். தாலாட்டு விழுவது முதுகில்தானே, கால் எதற்கு நொண்ட வேண்டும் என்று ஒரு புது மல்லன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "எங்க, முதுகுல நொண்டிக் காட்டு பாக்கலாம்" என்றார் மலை. அதன் பிறகு அவன் காலிலேயே நொண்டினான்.

தாலாட்டை அதிகம் வாங்கியவர் மூட்டை. தோற்பதுதான் அவர் உத்தியோகம். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண் சொருகும், வாய் கோணும், ஒரு கை மட்டும் துடித்து மெல்ல அடங்கும். முன்வரிசைப் பெண்கள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். இந்த மூட்டை, வீட்டில் மலைக்கு மாப்பிள்ளை. கூடப்பிறந்த தங்கையின் கணவர். வீட்டுக்கு வந்தால் மலை எழுந்து நாற்காலியை நகர்த்திப் போடுவார், வாங்க போங்க என்று பேசுவார். வாரம் முழுக்க மாப்பிள்ளை மரியாதை, ஞாயிற்றுக்கிழமை மூட்டை மரியாதை.

தங்கை ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. கட்டினவன் கூடப்பிறந்தவனுக்கு அடியில் கிடப்பதைச் சும்மா காட்டினாலும் பார்க்க மாட்டேன் என்பாள். கல்யாணமான புதிதில், "அவருக்கு வலிக்குமா அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டாள். "பூ மாதிரி வைக்கறேன்மா. தூசி படாது" என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார் மலை. அது நிஜமும்கூட. உலகத்தில் வேறு யாரிடமும் அந்த நிஜத்தை அவர் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் மூட்டைக்கு ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை கிடைத்தது. தங்கைதான் யாரையோ பிடித்து வாங்கிக் கொடுத்தாள். வண்டியிலிருந்து இறங்குகிற மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. மல்லர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூட்டையும் கூடச் சேர்ந்து சிரித்தார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மேடையை விட்டு விலகுவதாக ஏற்பாடு. அந்தக் கடைசி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் வினை ஆரம்பித்தது.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மூட்டை.

"கேளுங்க மாப்பிள்ளை."

"கடைசி ஆட்டத்துல ஒரே ஒரு தடவ எந்திரிச்சுக்கட்டுமா?"

மலை வாய்க்குக் கொண்டுபோன உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தார். "எதுலேர்ந்து?"

"தாலாட்டுலேர்ந்துதான். ரெண்டு எண்ணினதும் தோளைத் தூக்கிடறேன். அப்புறம் இன்னொரு தடவ போடுங்க, பேசாம படுத்துக்கறேன். இவ பாக்கணும்கறா."

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்று கரண்டியோடு வந்து நின்றாள் தங்கை. "ஒரு தடவயாவது அவர் எந்திரிச்சு நிக்கறதப் பாக்கணும். அதுக்குன்னா நானே வரேன். கடையில கூட வேலை செய்யறவளுங்க தினம் காலையில கேக்கறாளுங்க, 'உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சாச்சா, இன்னும் இல்லையா'ன்னு."

"மூணு எண்ணி முடிச்சதும் எந்திரிச்சுத்தானேம்மா வீட்டுக்கு வராரு."

"அது எந்திரிக்கறது இல்ல அண்ணே. கடை சாத்தினப்புறம் கிளம்பறது."

 பார்க்கலாம் என்று மலை பொதுவாகச் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனார். யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்று எழுதுகிறவரை அங்கே எல்லாரும் பிரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தலையெழுத்தை வெள்ளைப் பலகையில் எழுதுவார், பிடிக்காவிட்டால் துணியால் துடைத்துவிடுவார். நிஜப் பிரம்மாவுக்கு இந்த வசதி இல்லை.

"மூட்டையா? எந்திரிக்கறதா?" பிரம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கே கதை. வர வருஷம் பெரிய ஆட்டத்துல நம்ம புது ஆள் எந்திரிக்கப் போறான். உலகத்துலயே முதல் ஆளா. அதுக்குத்தானே இத்தனை வருஷம் ஒருத்தனையும் எந்திரிக்க விடாம வெச்சிருக்கேன். இவன் எந்திரிச்சிட்டா அப்புறம் அவன் எந்திரிச்சு என்ன பிரயோஜனம்?"

மலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்கிட்ட யாருமே சொல்லலையே."

"இப்ப சொல்றேனே" என்றார் பிரம்மா. பிறகு இளகி, "வேணும்னா மூட்டையைக் கயித்துல காலைப் போட்டுக்கச் சொல்லு. எண்ணறது நின்னுடும். உன் அடிக்கும் சேதாரமில்ல" என்றார். மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் விழுந்தவன் கால் பட்டுவிட்டால் நடுவர் எண்ணக் கூடாது என்பது விதி. தோற்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. இரண்டுங்கெட்டான் ஏற்பாடு.

மலை தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, புது ஆள் விஷயத்தையும் சொல்லி, இதைப் பெரிய சலுகை மாதிரி சொன்னார்.

"கயித்துல கிடக்கறதுக்கு அவர் என்ன காயப்போட்ட துணியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மலைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தாலாட்டு போடுகிறவனுக்கே தூக்கம் வராததை யாரிடம் சொல்லி அழுவது? முழங்கால் தேய்ந்துவிட்டது. நாலு அடி ஓடினால் மூச்சு இரைக்கிறது. சுவரொட்டியில் இன்னமும் அவர் முகத்துக்கு இடம் கிடைக்கிறது என்றால் அந்த ஒரே அடியால்தான். அது போனால் அவரும் வெறும் கனமான மனிதர். கண்ணை இமை காப்பது போல் காத்ததெல்லாம் எவனோ ஒரு பயல் வந்து உடைத்துப் பெயர் வாங்கத்தானா என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கின பிறகு வேறொன்று தோன்றியது. எப்படியும் ஒருத்தன் எழுந்திருக்கப் போகிறான். முதலில் எழுந்திருக்கிறவர் நம் வீட்டு மாப்பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். அரங்கத்தில் வியர்வையும் வலிநிவாரணித் தைலமும் கலந்த வழக்கமான வாசனை. இரண்டாவது வரிசையில் தங்கை கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடைப் பெண்கள் இரண்டு பேர்.

ஆட்டம் வழக்கம்போல நடந்தது. மூட்டை நாலு குத்து விட்டார், எட்டு குத்து வாங்கினார். நேரம் வந்ததும் மலை அவரைத் தூக்கி ஏந்திக்கொண்டார். இத்தனை வருஷமாக ஏந்திய உடம்பு. எந்த இடத்தில் பிடித்தால் கூசும் என்பதுகூட அவருக்குத் தெரியும். கூட்டம் 'ஆராரோ' பாட ஆரம்பித்தது. மலை குனிந்து காதருகே பேசினார்.

"மாப்பிள்ளை, கயிறெல்லாம் வேணாம். ரெண்டுக்கு எந்திரிச்சிடுங்க."

"பிரம்மா?"

"அவன் கிடக்கறான்."

மூட்டை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மலைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதை எப்போதோ கொடுத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே போட்டார்.

மேலே விழுந்தார், ஆனால் கனத்தை முழுக்கத் தன் முழங்கைகளில் தாங்கிக்கொண்டார். ஒரு பூனைக்குட்டிகூட அடியிலிருந்து எழுந்து போயிருக்கும். நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று. இரண்டு.

மூட்டையின் தோள் லேசாக அசைந்தது. பிறகு அசையவில்லை. கண் சொருகியது, வாய் கோணியது.

"எந்திரிங்க" என்றார் மலை.

ஒரு கை மட்டும் துடித்து அடங்கியது.

"மாப்பிள்ளை, எந்திரிங்க மாப்பிள்ளை." இப்போது மலை கெஞ்சினார். நடுவர் பழம் தின்று கொட்டை போட்டவர். என்னவோ நடக்கிறது என்று புரிந்து, தட்டப்போன கையை அந்தரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். முன்வரிசைக்கு மலையின் குரல் கேட்டது. "விழுந்து கிடக்கறவன்கிட்ட எகத்தாளத்தப் பாரு" என்று ஒரு கிழவர் எழுந்து திட்டினார். அரங்கமே சேர்ந்து ஊளையிட்டது. கையை எவ்வளவு நேரம்தான் அந்தரத்தில் வைத்திருக்க முடியும்? மூன்று.

மலை தலையைத் தூக்கிப் பார்த்தபோது தங்கை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

உடை மாற்றும் அறையில் மூட்டை நிம்மதியாக உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எந்திரிக்கல?"

"எந்திரிக்கத்தான் நினைச்சேன் மச்சான். தோளைக்கூட அசைச்சேன். அப்ப பாத்தா மொத்த ஜனமும் நடுவரோட சேந்து எண்ணுது. நான் எந்திரிக்கவே மாட்டேன்னு அத்தனை பேருக்கும் அவ்வளவு நம்பிக்கை."

"அதுக்காக?"

"புது ஆள் எந்திரிச்சா அவன் பெரிய ஆள்னு பேசுவாங்க. நான் எந்திரிச்சா அடி சின்ன அடின்னுதான் பேசுவாங்க." மூட்டை பூட்ஸைக் கழற்றித் தட்டினார். "அப்ப இத்தனை வருஷமா நான் எதுக்குப் படுத்துக் கிடந்தேன்? சோம்பேறித்தனமா? தூக்கினது நீங்கதான் மச்சான், இல்லேங்கல. ஆனா செத்துச் செத்து அதுக்கு உயிர் குடுத்தது நான். நானே போய் அதைக் கெடுப்பேனா?"

 அந்த அடி தன் சொந்தச் சொத்து என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவர் மலை. மாப்பிள்ளையின் பையைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பின்வாசலில் தங்கை நின்றிருந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. கணவரிடம் நேராகக் கேட்டாள்.

"ஏன் எந்திரிக்கல?"

மூட்டை மலையை ஒரு முறை பார்த்தார். உள்ளே சொன்ன வியாக்கியானமெல்லாம் பெண்டாட்டி முன்னால் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேண்டுமென்றே படுத்துக் கிடந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? "முடியல" என்றார். "அது அப்படிப்பட்ட அடி."

தங்கை மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினாள். "பூ மாதிரி வைக்கறேன்னு என் தலையில கைவெச்சு சொன்னியே."

ஆம், பூ மாதிரிதான் வைத்தேன் என்று சொன்னால் அவள் கணவர் எழுந்திருக்க முடிந்தும் எழுந்திருக்காத மனிதர் ஆகிவிடுவார். இல்லை என்று சொன்னால் இவர் தங்கை புருஷனை வாரா வாரம் அடித்துப் போட்ட மிருகம். அவளுக்குப் பின்னால் மூட்டை கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னேன்மா" என்றார் மலை. "அதுலேர்ந்து எவனாலயும் எந்திரிக்க முடியாது."

 அண்ணன் தோளிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டாள். கணவரின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அதுவரை நன்றாக நடந்து வந்த மூட்டை நொண்ட ஆரம்பித்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நொண்டினார். மலை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனி அந்த வீட்டில் தனக்கு நாற்காலி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. மூட்டை கிசுகிசுப்பாகப் பேசினார்.

"மச்சான், நான்தான். இவ உங்க பேரையே எடுக்கக் கூடாதுங்கறா. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து எனக்கு வென்னீர் ஒத்தடம். கடையில இருக்கற தைலம் அத்தனையும் இங்கதான் இருக்கு. அழுதுக்கிட்டே தேய்க்கறா."

"பாத்துக்கட்டும்" என்றார் மலை. வேறென்ன சொல்ல?

"முதுகு ஆச்சு. இப்ப காலைக் காட்டச் சொல்றா. அதான் அவசரமாக் கூப்பிட்டேன். நேத்து நான் எந்தக் கால்ல நொண்டினேன்?"

மலை கண்ணை மூடிக்கொண்டார். தங்கையும் மாப்பிள்ளையும் நடந்து போனது அப்படியே கண்ணுக்குள் நின்றது.

"இடது கால், மாப்பிள்ளை."

"யாருங்க போன்ல?" என்று அந்தப் பக்கம் தங்கையின் குரல் கேட்டது. மலை மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கிடங்குலேர்ந்து" என்றார் மூட்டை அவளிடம். பிறகு சத்தமாக, "சரிங்க சார், இடது பக்கம்தான், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.